முதுகுக்காரரின் ஹார்ன்

தீயணைப்பு நிலையத்தில் எல்லோரும் அவரை முதுகுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பாவம், முதுகுவலி போலிருக்கிறது என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். முதுகு கல்லுக்குண்டாட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. விஷயம் வேறு. ஊரில் எங்கே பெரிதாகத் தீப்பிடித்தாலும் மறுநாள் பேப்பரில் படம் வரும். படத்தில் புகை இருக்கும், வேடிக்கை பார்க்கிற கூட்டம் இருக்கும், ஏணியில் தொற்றிக்கொண்டு ஒரு வீரர் இருப்பார். ஓரத்தில் சிவப்பு லாரி நிற்கும். லாரிக்குப் பக்கத்தில் ஒரு முதுகு தெரியும். அது இவருடையது.

லாரியை ஓட்டிக்கொண்டு போவதும், போன இடத்தில் லாரியோடு இருக்கிற பம்பை இயக்குவதும் அவர் வேலை. மற்றவர்கள் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். இவர் ஓட மாட்டார். லாரியின் பக்கவாட்டில் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் வட்ட மானியையும், அதன் முள்ளையும், தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று காட்டும் கண்ணாடிக் குழாயையும் பார்த்தபடி நிற்பார். எரிகிற கட்டடம் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இத்தனை வருஷ சர்வீசில் அவர் நெருப்பை நேருக்கு நேர் பார்த்தது அபூர்வம். "அடுப்புல பாக்குறதுதான் எனக்கு நெருப்பு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பேப்பரில் வந்த படங்களை எல்லாம் வெட்டி ஹாலில் ஒட்டி வைத்திருப்பதும் அந்த அம்மாள்தான், அதைக் காட்டிக் கேலி செய்வதும் அந்த அம்மாள்தான். "என் வீட்டுக்காரர் மூஞ்சி பேப்பர்ல வரணும்னா அவருக்கே தீப்பிடிச்சாத்தான் உண்டு" என்பாள். வந்த விருந்தாளிகள் சிரிப்பதா வேண்டாமா என்று திருதிருவென்று விழிப்பார்கள். முதுகுக்காரர்தான் முதலில் சிரிப்பார்.

நெருப்பைப் பார்க்காத மனிதருக்கு உள்ளே நடப்பது எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கையால் தெரியும். பம்பிலிருந்து கிளம்பி உள்ளே போகும் குழாயின் மேல் இடது கையை வைத்துக்கொள்வார். உள்ளே இருப்பவர் குழாய்முனையைத் திறந்தால் குழாய் லேசாகத் தளரும். மூடினால் விறைத்துத் துள்ளும். எவன் பயத்தில் திறந்த குழாய்முனையை மூடாமல் அடிக்கிறான், எவன் நிதானமாக இடம் பார்த்து அடிக்கிறான் என்பதெல்லாம் அந்தக் கைக்கு அத்துப்படி. வெளியே வந்ததும் "என்னடா, இன்னிக்கு உள்ள ரொம்பப் பயந்துட்டே போல" என்பார். அவனும் அசடு வழிவான்.

இந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாயின் மேல் கையை வைத்துக்கொள்வார். சமையலறைக் குழாயை மனைவி திறந்தால் ஒரே சீராகக் கொட்டும், அவள் பேச்சைப் போல. ஒரே மகள் குளியலறையில் பல் தேய்த்தால் திறப்பாள், நிறுத்துவாள். மறுபடி கொஞ்சம் திறப்பாள், நிறுத்துவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு சொட்டு வீணாக்க மாட்டாள். அந்தத் திறப்பும் நிறுத்தலும் கையில் தட்டுப்படும்போதெல்லாம் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். வாயைத் திறந்து ஒரு நாளும் பாராட்டியதில்லை, அது வேறு விஷயம்.

மகளை ஒரு பாங்கில் உட்கார்த்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் தீயணைப்புத் துறைக்கு மனுப் போட்டிருந்தாள். அம்மாவுக்கு மட்டும் தெரியும். தெரியும் என்ன, கூட்டுக் களவாணியே அம்மாதான். தேர்வில் ஓர் ஆள் கனத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக் காட்ட வேண்டும். பயிற்சிக்குக் கனத்துக்கு எங்கே போவது? அப்பா டியூட்டிக்குப் போனதும் அம்மா மகளின் தோளில் ஏறிக்கொள்வாள். மொட்டை மாடி வரை தூக்கிப் போய் இறக்கிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு வருவாள் மகள்.

இதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், அந்த அம்மாவுக்கு நடக்க முடியாமல் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஒரு மாலை முதுகுக்காரர் வீட்டுக்கு வந்தால், கையில் பழப்பையோடு வாசலில் நான்கைந்து பேர்.

"தைரியமா இருங்க. இப்ப எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"யாருக்கு வைத்தியம்?" என்றார் இவர்.

"வீட்டம்மாவுக்குக் கால் வராம போச்சுன்னு..."

அந்த நேரம் பார்த்து வீட்டம்மாள் மாடியிலிருந்து திடுதிடுவென்று இறங்கி ஓடி வந்தாள், கொடியில் காய்ந்த துணிகளோடு. அப்படித்தான் குட்டு உடைந்தது. பழங்களை யாரும் திரும்ப எடுத்துப் போகவில்லை என்பது ஒன்றுதான் அன்றைக்கு லாபம்.

முதுகுக்காரர் அன்று சாப்பிடவில்லை. "ஏம்மா, வேற வேலையே கிடைக்கலியா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க வேலைதானேப்பா?" என்றாள் மகள்.

"என் வேலை வெளிய நிக்கிறது."

"நான் உள்ள போறேன். நீங்கதான் தண்ணி குடுக்கப் போறீங்க, அப்புறம் என்ன பயம்?"

பெருமையா பயமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உறவுக்காரர்களை ஒரே நிலையத்தில் போட மாட்டார்கள் என்பதால் மகளுக்குப் பக்கத்து வட்டாரத்து நிலையம் கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. தினம் தினம் அவள் உள்ளே போவதற்குத் தன் கையால் தண்ணீர் அனுப்ப வேண்டியதில்லை.

அந்த அப்பாடா ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் மெத்தைக் கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டது. மெத்தைக்குள் அடைக்கிற பஞ்சும் நுரையும் கூரை வரை அடுக்கிக் கிடந்த இடம். கிடங்கை ஒட்டினாற்போல ஒரு மெல்லிய தடுப்புச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்துகிற தையல் கூடம். பெண்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். மெஷின்கள் உள்ளே. தடுப்புச் சுவருக்கு நெருப்பு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைய வேலை. சந்து குறுகல் என்பதால் முதுகுக்காரரின் லாரி ஒன்றுதான் கிட்டத்தில் போக முடிந்தது. பக்கத்து நிலையத்து வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட, அதில் வந்தவர்களில் இருவரை நிலைய அதிகாரி இவர் லாரியின் குழாயைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். தலையில் ஹெல்மெட், முகத்தில் சுவாசக் கவசம். யார் எவர் என்று தெரியாது. முதுகுக்காரர் பார்க்கவும் இல்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையைக் குழாயின் மேல் வைத்தார். திறப்பு. நிறுத்தல். கொஞ்சம் திறப்பு. நிறுத்தல்.

'அட, யாருய்யா இவ்வளவு பதவிசா அடிக்கிறது' என்று முதலில் ரசித்தார். அடுத்த திறப்பில் மானியிலிருந்து கண்ணை எடுத்துக் குழாயைப் பார்த்தார். அவருக்கு இந்தக் கையைத் தெரியும். ஹால் சுவரில் காலைதோறும் தொட்டுப் பார்த்த கை இது.

இங்கே ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். தொட்டியின் கண்ணாடிக் குழாயில் கால்வாசி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கினால் பம்புக்காரர் நீளமாக ஹார்ன் அடிக்க வேண்டும். ஹார்ன் கேட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். அந்தக் கால்வாசித் தண்ணீர் நெருப்புக்கு இல்லை, அவர்கள் திரும்பி வருகிற வழிக்கு. ஹார்னுக்கு ஏன் எதற்கு என்ற கேள்வி கிடையாது.

அன்றைக்குக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்கு மேல் நின்றது. நிரப்பித் தரும் தண்ணீர் லாரியும் வந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதோ சரிந்து விழுந்த சத்தம் ஒன்று கேட்டது. தீப்பிடித்த இடத்தில் ஆயிரம் சத்தம் கேட்கும், அவருக்குத் தெரியாததா? ஆனால் அன்று அவர் பம்புக்காரராக நிற்கவில்லை. அப்பாவாக நின்றார். கை தன் பாட்டுக்குப் போய் ஹார்னை அழுத்திவிட்டது.

இருவரும் வெளியே வந்தார்கள். வந்த கொஞ்ச நேரத்தில், ஏறக்குறைய அடங்கியிருந்த நெருப்பு தடுப்புச் சுவரைத் தின்றுவிட்டு அந்தப் பக்கம் போனது. தையல் கூடம் முழுதாகப் போயிற்று.

நிலைய அதிகாரி வந்து அவர் தோளைத் தட்டினார். "நல்லவேளை, சரியான நேரத்துல அடிச்சீங்க. அந்தச் சுவரே சாஞ்சிருக்கு பாருங்க." பாராட்டு இப்படியும் சுடுமா என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

மகள் கவசத்தைக் கழற்றிவிட்டு லாரியின் பக்கம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை. கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு விரலை வைத்தாள். அந்த விரலுக்கும் கீழே இருந்த சிவப்புக் கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று இருவருமே பார்த்தார்கள். அவள் விரலை எடுத்துவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் முதுகுக்காரர் சும்மா இருக்க முடியாமல் தையல் கூடத்துக்குப் போனார். பெண்கள் கரியை வாரிக்கொண்டிருந்தார்கள். பாதி உருகிய மெஷின் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தாள். "நேத்து உள்ள போன பொண்ணு பத்திரமா இருக்காளா அண்ணே? மெஷினு போனா போகுது. அவ வெளிய வந்தாளே, அதுவே போதும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாற்போல் ஆயிற்று.

விடுமுறை நாளில் மகள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவோடு கலகலவென்று பேசினாள். அப்பா பக்கம் திரும்பவில்லை. "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்கீங்களே, என்ன விஷயம்?" என்று அம்மா கேட்டாள். ஆள் விட்டுப் பேசவைக்க இதென்ன சம்பந்தி சண்டையா என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் சமையலறைக்குள் போனதும், மகள் நேராகவே கேட்டாள்.

"உள்ள நான்தான் இருக்கேன்னு தெரிஞ்சுதான் அடிச்சீங்களா?"

"ஆமா."

"எனக்கு ஏதாவது ஆயிடும்னா?"

"ஆமாம்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பார். "மெஷினு போச்சே, அது கூடப் பரவால்லப்பா. இனிமே நீங்க ஹார்ன் அடிச்சா நான் என்ன நெனைக்கணும்? தண்ணி தீந்துபோச்சுன்னு நெனைக்கவா, இல்ல அப்பா பயந்துட்டாருன்னு நெனைக்கவா? நெஜமாவே தண்ணி தீர்ற அன்னிக்கு நான் உள்ள நின்னு யோசிச்சுக்கிட்டு இருந்தா?"

மகளைக் காப்பாற்றத்தான் ஹார்ன் அடித்தோம் என்று அத்தனை நாளும் முதுகுக்காரர் மனதின் ஒரு மூலையில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பாற்றுவதற்கு இருந்த ஒரே ஹார்னை அவள் காதுக்குப் பொய்யாக்கிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் நிலைய அதிகாரி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர், இவரோடு சேர்ந்து பல தீயைப் பார்த்தவர்.

"ஏங்க, நீங்களா சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அவளுக்குத் தெரியும் சார்."

பம்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். அவர் வேறொன்றை எதிர்பார்க்கவும் இல்லை. டெலிபோன் அறையில் உட்கார்ந்து அழைப்புகளை வாங்கினார். பூனை மரத்தில் ஏறிவிட்டது என்பவர்களுக்கும், அடுத்த வீட்டுக்காரன் வேண்டுமென்றே புகை போடுகிறான் என்பவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மணி அடித்து லாரி கிளம்பும்போதெல்லாம் அவர் இடது கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். குழாய் இல்லாத கைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வீட்டிலும் சுவர்ப் பக்கம் உட்காருவதை நிறுத்திவிட்டார். மனைவிக்கு விஷயம் முழுதாகத் தெரிந்த பிறகு ஒரு வாரம் கேலி நின்றுபோனது. அதுதான் அந்த வீட்டிலேயே பெரிய துக்கம். "ஏதாவது சொல்லித் தொலையேன்" என்று கடைசியில் அவரே கெஞ்சும்படி ஆயிற்று.

"என்னத்தைச் சொல்ல? அவ பொறந்தப்ப கையில வாங்கவே பயந்த மனுஷன் நீங்க. கீழ போட்டுருவேன்னு. அப்புறம் வாங்குனீங்கல்ல? அது மாதிரி மறுபடி போய் பம்பைப் புடிங்க" என்றாள் அவள்.

பம்புக்கு வேறு சரியான ஆள் கிடைக்காமல் அதிகாரி திண்டாடியதும் உண்மை. ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு லாரிச் சாவியை மேஜையில் வைத்தார். "உங்க பொண்ணு உள்ள இருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"கோடுதான் சார்" என்றார் முதுகுக்காரர்.

சொல்வது சுலபம். செய்து காட்டுகிற நாளும் வந்தது. கடைத்தெருவில் மரச்சாமான் கடை ஒன்றில் தீ. கடைக்கு மேலே குடித்தனங்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், மேல்மாடியில் படுக்கையில் கிடந்த ஒரு பெரியவரைத் தவிர. அவரை ஏணி வைத்து இறக்க முடியாது, படி வழியாகத்தான் தூக்கி வர வேண்டும். அதுவரை கடையின் நெருப்பு படிக்கட்டுக்கு வராமல் கீழே நின்று தடுக்க வேண்டும். தடுக்கப் போனது பக்கத்து நிலையத்தின் இரண்டு பேர், இவர் லாரியின் குழாயோடு. இந்தத் தடவை உள்ளே போகும் முன் மகள் லாரிப் பக்கம் வந்தாள். கவசத்துக்குள் இருந்து அவரைப் பார்த்தாள். கண்ணாடிக் குழாயைத் தொட்டாள், சிவப்புக் கோட்டின் மேல். போய்விட்டாள்.

திறப்பு. நிறுத்தல். திறப்பு. குழாய் அவர் கைக்கடியில் பேசியது. தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. நிரப்ப வேண்டிய தண்ணீர் லாரி கடைத்தெருக் கூட்டத்தில் எங்கோ மாட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. பின்னால் கண்ணாடிகள் உடைந்தன. கூட்டம் ஐயோ என்றது. அவர் திரும்பவில்லை. வலது கை ஹார்னின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்றார். நிறுத்தல் வரவர நீண்டது. அவள் உள்ளே ஒவ்வொரு சொட்டையும் எண்ணிச் செலவழிக்கிறாள் என்று புரிந்தது. இவர் கோட்டைக் காக்கிறார் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"பெரியவர் வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர் அப்போதுதான் கோட்டைத் தொட்டது. நீளமாக ஹார்ன் அடித்தார்.

அடித்துவிட்டு, சர்வீசிலேயே முதல் தடவையாக, மானிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ஹார்ன் சத்தம் அடங்குவதற்குள் வாசலில் அவள் நின்றாள், குழாயோடு, கூட்டாளியோடு. அவர்கள் வெளியே கால் வைத்த பிறகு உள்ளே கூரை இறங்கியது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. வாயைப் பிளந்துகொண்டு, கண் முழி பிதுங்க, கன்னத்தில் நீர் வழிய முதுகுக்காரரின் முகம். அவரைப் பார்த்து ஓடிவரும் வீராங்கனையின் முதுகு மட்டும். மனைவி அதை வெட்டி, இருக்கிற எல்லாப் படங்களுக்கும் நடுவில் ஒட்டினாள். எட்ட நின்று பார்த்தாள்.

"இத்தனை வருஷமா முதுகையே போட்டவங்க விவரமானவங்கதான்" என்றாள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாப்பாடு முடிந்து அவள் கை கழுவப் போனாள். முதுகுக்காரர் பழைய இடத்தில் சுவரோரமாக உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு குழாயின் மேல் கையை வைத்தார். கேட்கலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கிவிட்டு, கடைசியில் கேட்டே விட்டார்.

"ஏம்மா, நேத்து ஹார்ன் அடிச்சதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலியா நீ?"

உள்ளே தண்ணீர் நின்றது. ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள் மகள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல் அவரைப் பார்த்தாள்.

"அடிச்சது நீங்கதானேப்பா" என்றாள்.

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். முதுகுக்காரர் கையைச் சுவரிலிருந்து எடுக்காமலே அழுதார்.